டெல்லி கணேஷ்: கதாநாயகனுக்கு அருகில் நின்றவர்

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் கதாநாயகர்களின் வரலாறாகவும், சற்று விரிந்தால் இயக்குநர்களின் வரலாறாகவும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. இவ்விரு பட்டியல்களுக்கும் வெளியே நின்றுகொண்டு, இவ்விரு சாராரின் படங்களையும் நாம் நம்பும்படி செய்தவர்கள் குணச்சித்திர நடிகர்கள். 2024 நவம்பர் 9 அன்று எண்பது வயதில் மறைந்த டெல்லி கணேஷ் நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். அந்த எண்ணிக்கையே அவரை மறைத்தும் விட்டது. எங்கும் தென்படுபவரை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

1944-ல் நெல்லைச் சீமையில் பிறந்த கணேசன், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றினார். தலைநகரின் தமிழர்கள் நடத்திவந்த தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகியவர், பின்னர் சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் சேர்ந்தார். விசுவின் ‘பட்டினப் பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1977-ல் படமாக்கியபோது அவருக்குத் திரையின் வாசல் திறந்தது. பெயருக்கு முன்னால் ‘டெல்லி’யைச் சேர்த்தவரும் பாலசந்தரே. ஊர் நெல்லை, பெயர் டெல்லி, பிழைப்பு சென்னை என்று ஆயிற்று.

அவருடைய கலையின் ஆதாரம் செவி என்று எனக்குத் தோன்றுகிறது. துரை இயக்கிய ‘பசி’ (1979) அதற்கு முதல் சான்று. ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத்தந்த அப்படத்தில், அவளுடைய தந்தையான ரிக்‌ஷாக்காரராக நடித்தார் கணேஷ். நெல்லையில் பிறந்து, சீருடையில் பத்தாண்டுகள் கழித்த மனிதர், சென்னைக் குடிசைப்பகுதியின் பேச்சை அதன் அலுப்போடும் முரட்டுத்தனத்தோடும் பேசினார். மாநில அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இப்படியொரு நடிகருக்குத் திரையுலகம் அதற்குப் பின் என்ன கொடுத்தது? பெரும்பாலும் பிராமணக் குடும்பத்துத் தந்தை, மாமா, கணக்குப்பிள்ளை, சமையற்காரர். ‘பசி’யின் ரிக்‌ஷாக்காரர் போன்ற வேடம் அவரைத் தேடி அதிகம் வரவில்லை. வசதியான அச்சு ஒன்று கிடைத்துவிட்டால் நம் திரையுலகம் அதை எளிதில் உடைப்பதில்லை. அவர் அதைப் புலம்பலாக்காமல், அச்சுக்குள்ளேயே ஆட்களை வேறுபடுத்திக் காட்டினார். ‘சிந்து பைரவி’யில் (1985) குடியால் மேடையை இழக்கும் மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தியும், ‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கருக்குத் துணைநிற்கும் ஐயரும், ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தின் பாலக்காட்டு மணி ஐயரும் ஒரே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஆயினும் ஒருவர் நடையை மற்றவர் நடக்கவில்லை. மணி ஐயரின் பாலக்காட்டுத் தமிழில் கிரேசி மோகனின் வசனம் நகைச்சுவைக்கு அப்பால் ஒரு தகப்பனின் பதற்றமாகவும் கேட்கிறது. இவற்றுக்கு நடுவே ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் பிரான்சிஸ் அன்பரசு என்ற கொடியவனாகவும் அவர் வந்துபோனார்.

தொண்ணூறுகளில் சின்னத்திரை பெருகியபோது தொடர்களிலும், பின்னாளில் இளைஞர்களின் குறும்படங்களிலும் தயங்காமல் நடித்தார். பெரிய திரை, சிறிய திரை என்ற ஏற்றத்தாழ்வை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. நாடக மேடையிலிருந்து வந்தவருக்கு வேடம்தான் முக்கியம்.

அந்தத் தயக்கமின்மைக்குப் பலன் 2021-ல் கிடைத்தது. ‘நவரசா’ தொகுப்பில், தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ சிறுகதையை வசந்த் இயக்கினார். அண்ணன் மகன் சுப்பராயனின் செழிப்பைப் பொறுக்க மாட்டாத சாமநாதுவாக கணேஷ் நடித்தார். கல்யாணச் சமையலில் பாயச அண்டாவைச் சாய்த்துவிட்டு, எலி விழுந்து கிடந்ததாகச் சொல்லும் கிழவர் அவர். ஜானகிராமனின் கதையில் இந்தப் பொறாமை பெரும்பகுதி மனத்துக்குள் ஓடுவது. அதைப் படமாக்குவதென்றால் ஒரு முகம்தான் அத்தனையையும் சுமக்க வேண்டும். உபசாரம் செய்பவர்களிடம் இணக்கமாக முகத்தை வைத்துக்கொண்டே, உள்ளே எரிவதை அவர் வெளிக்காட்டினார். வெறுக்கத்தக்க காரியத்தைச் செய்தவர்மீது நமக்கு வெறுப்போடு இரக்கமும் வருகிறது. மூலக்கதை கோருவதும் அதுவே.

மணி ஐயரும் கல்யாணச் சமையற்காரர். முப்பத்தோரு ஆண்டுகளுக்குப் பின் அதே போன்ற சமையற்கட்டுக்குள் வந்து அண்டாவைக் கவிழ்த்தவரும் அவரே. ‘பசி’க்கும் ‘பாயச’த்துக்கும் இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் அவரை மையத்தில் வைத்து எழுதப்பட்ட கதைகள் மிகச் சிலவே. நமது இலக்கியத்தில் சாமநாதுவைப் போன்ற முதியவர்கள் நிறைந்திருக்கிறார்கள்; அவர்களுக்கு உயிர்கொடுக்கத் தக்க நடிகரும் நம்மிடையே இருந்தார். இருவரையும் ஒருமுறை சேர்த்துவைக்க ஓர் அரைமணி நேரப் படம் வரவேண்டியிருந்தது. டெல்லி கணேஷை அறிய விரும்பும் வாசகர், ஜானகிராமனின் கதையை முதலில் படித்துவிட்டு அப்படத்தைப் பார்க்கலாம்.