துப்பாக்கியும் பள்ளிக்கூடமும்

நம் இளைஞர் பலர் இன்று காவலர் பணிக்கும் படைப்பணிக்கும் தேர்வெழுத ஆயத்தமாகி வருகின்றனர். ஒடுக்கப்பட்டோர் கையில் துப்பாக்கி கொடுப்பதா கூடாதா என்று ஆள்வோர் மனம்போல் முடிவு செய்த காலம் ஒன்றிருந்தது. மராட்டிய நாட்டு மகார் மக்களின் வரலாற்றில் அதனை நாம் தெளிவாகக் காணலாம்.

1818 சனவரி முதல் நாள், பீமா ஆற்றங்கரைக் கோரேகானில் கம்பெனிப் படையினர் பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்றனர். அங்குள்ள நினைவுத்தூணில் மாண்டோர் பெயர்கள் 49. அவற்றுள் 22 மகார்களுடையவை. அந்நியனுக்கு உழைத்தனர் என்று பழிப்பாரும் உளர். பூனாத் தெருவில் தம் நிழல் விழவும் அஞ்சி நடந்தோரை அவ்வாறு பழித்தல் எளிது.

படைவாழ்வு தந்தது சம்பளம் மட்டுமன்று. சிப்பாய்களின் பிள்ளைகளுக்குப் படையிலேயே பள்ளிக்கூடம் இருந்தது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை சுபேதார் இராம்ஜி சக்பால், அத்தகைய பள்ளியொன்றின் தலைமையாசிரியராக விளங்கினார். எம் தொழிலுக்கு இதனினும் பெருமை வேண்டுமோ! 1891-இல் மாவ் படைமுகாமில் அண்ணல் பிறந்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில், "போர்க்குடியினர் அல்லர்" என்று கூறி மகார்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. துப்பாக்கியோடு பள்ளிக்கூடமும் போயிற்று. ஓய்வுபெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894-இல் விண்ணப்பம் எழுதியும் கதவு திறக்கவில்லை.

முதல் உலகப்போரில் ஆள் வேண்டியிருந்தது. 1917-இல் 111-ஆம் மகார் படை அமைந்தது. போர் முடிந்தபின் 1921-இல் கலைக்கப்பட்டது. அண்ணல் விடாது வற்புறுத்தி வந்தார். 1941 அக்டோபர் முதல் நாள் பெல்காமில் மகார் ரெஜிமெண்ட் தோன்றியது. 1946-இல் அஃது இயந்திரத் துப்பாக்கிப் படையாக மாற்றப்பட்டது. அப்படையினர் அணிந்த முதல் சின்னத்தில் இடம்பெற்றது அந்தக் கோரேகான் தூணே.