சுழி வாசிப்பு: கன்று தேர்வதன் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஜல்லிக்கட்டு பற்றி நம்மிடம் உள்ள எழுத்துக்கள் அநேகமாக எல்லாமே வாடிவாசலுக்கு எதிரே நின்றுகொண்டு எழுதப்பட்டவை. மாடு வெளியே பாயும் அந்தச் சில நொடிகளில்தான் பேச்சே தொடங்குகிறது. வீரம், மரபு, வதை, ஆண்மை, தமிழ் அடையாளம் என எந்தப் பக்கம் நின்று பேசினாலும் மாடு ஏற்கெனவே முழுசாக வளர்ந்து அங்கே வந்து நிற்கிறது. அதற்கு மூணு நாலு வருஷம் முன்னால் எவனோ ஒருவன் ஒரு கொட்டிலுக்குள் குனிந்து, பால்குடி மறக்காத கன்றின் நெற்றி மயிரைத் தடவிப் பார்த்து ‘சரி, இதையே பிடிச்சுட்டுப் போவோம்’ என்று சொன்னானே, அந்த நொடிக்கு வரலாறு எழுதப்படவில்லை. பயிற்சி, தீனி, ஆட்டம் எல்லாம் அப்புறம் வருபவை. முதல் பிராணி எது என்கிற தேர்வு ஒரு அறிவு முறையைச் சார்ந்தது. அந்த அறிவு யாருடையது, அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்க மறுக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டத்தை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு இந்த மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில், மாதா கோயில் புத்தாண்டு விழாவை ஒட்டி நடப்பது வழக்கமாகியிருக்கிறது. 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட மாடுகள் அவிழ்க்கப்பட்டன. பார்வையாளர் இருவர் இறந்தார்கள். உலக சாதனை என்று பத்திரிகைகள் எழுதின. நமக்கு அந்த எண்ணிக்கை வேறொன்றைச் சொல்கிறது: 1,300 மாடுகள் என்றால் 1,300 தடவை யாரோ குனிந்து கன்று பார்த்திருக்கிறார்கள். கிழக்கே தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து உம்பளச்சேரி, தெற்கே சிவகங்கைச் சீமையின் புலிக்குளம், மேற்கே மணப்பாறைச் சந்தை — இந்த மூன்றுக்கும் நடுவில் கிடக்கிறது இந்த வறண்ட நிலம். தனக்கென்று பேர்பெற்ற மாட்டினம் ஒன்று இல்லாத ஊரில்தான் தேர்வு பெரிய விஷயமாகிறது.

கன்றைப் பார்த்து மாட்டைச் சொல்வது லேசான காரியமில்லை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது பயிருக்கு வேண்டுமானால் பொருந்தலாம். உம்பளச்சேரிக் கன்று செவலையாகப் பிறக்கிறது. ஆறு மாசத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது. காங்கயமும் அப்படியே. வளர்ந்த காங்கயம் காளைக்குத் திமிலிலும் முன்பின் தொடைகளிலும் ஏறும் கருப்பு, காயடித்தால் வெளுத்துப்போகும். ஆக நிறத்தை நம்பிப் பிடிக்க முடியாது. பல்லும் உதவாது, பால் பல் விழுந்து முதல் ஜோடி பல் போடவே ரெண்டு வயசாகும். கொம்பு வெறும் மொட்டு. திமில் ஒரு மேடு. தாய்ப் பசு எப்படி, கன்று அந்நிய ஆளைக் கண்டால் ஒதுங்குகிறதா, முறைத்துப் பார்க்கிறதா, தோல் உடம்போடு ஒட்டியிருக்கிறதா, குளம்பு கூடி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவும் ஊகம். பிறக்கும்போது இருந்து சாகும்வரை மாறாமல் அந்த உடம்பில் கிடப்பது ஒன்றே ஒன்று: சுழி.

மயிர் வட்டமாகச் சுருண்டு கிடக்கும் இடத்தைச் சுழி என்கிறோம். கோபுரச்சுழி, லட்சுமிச்சுழி, விபூதிச்சுழி, தாமணிச்சுழி, இரட்டைக்கவர் இவையெல்லாம் நல்லவை. முதுகுத்தண்டில் தலையை நோக்கி ஏறினால் ஏறுபூரான், நல்லது. வாலை நோக்கி இறங்கினால் இறங்குபூரான், ஆகாது. முக்கண், குடைமேல்குடை, நாகப்படம், துடைப்பம், விலங்கு, துக்கம், பெண்டிழந்தான் — இவையெல்லாம் ஆகாத பட்டியல். பூக்கோ தன்னுடைய 1966 நூலை, போர்ஹேஸ் சொன்ன ஒரு சீனக் கலைக்களஞ்சியத்தின் பிராணிப் பட்டியலைப் படித்துச் சிரித்ததில் தொடங்கினார். நமக்குச் சிரிப்பு வராது, ஏனென்றால் இந்தப் பட்டியலை வைத்து நேற்றுவரை விலை பேசியிருக்கிறோம். துண்டுக்கு அடியில் தரகர்கள் விரல் பிடித்துப் பேசும் தொகையில் சுழிக்கும் ஒரு விரல் உண்டு.

ஆனால் பட்டியலைக் கொஞ்சம் நின்று வாசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். விலங்குச்சுழி மாட்டின் காலில் இருக்கிறது. விலங்கு மாட்டுவது வாங்கியவன் கையில். துடைப்பச்சுழி வாலடியில் இருக்கிறது. துடைத்துக்கொண்டு போவது வாங்கியவன் சொத்தை. பெண்டிழந்தான் என்றால் மாடு எந்தப் பெண்டை இழக்கப்போகிறது? குறிப்பான் மாட்டின் தோலில் இருக்க, குறிப்பீடு முழுக்க மனிதனின் வீட்டுக்குள் இருக்கிறது. இந்த மாடு நன்றாகப் பாயுமா, உழுமா, நோய் தாங்குமா என்கிற கேள்விக்குச் சுழி பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. அது மாட்டைப் பற்றிய சாஸ்திரமே அல்ல. மாடு வாங்கக்கூடியவனைப் பற்றிய, அவன் பயங்களைப் பற்றிய பிரதி. சிறை, கடன், மனைவி சாவு: ஒரு காலத்துச் சம்சாரியின் மூன்று பெரும் பயங்களும் ஒரு கன்றின் மேல் எழுதப்பட்டிருக்கின்றன.

1995-இல் டெம்பிள் கிராண்டின் என்கிற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் மாட்டின் நெற்றிச்சுழியை ஆராய்ந்தார்கள். கண்மட்டத்துக்கு மேலே சுழி உள்ள மாடுகள் அடைப்பில் நிறுத்தப்படும்போது அதிகம் மிரளுகின்றன என்பது அவர்கள் கண்டது. இதை எடுத்துக்கொண்டு ‘பாத்தீங்களா, நம்ம முன்னோர்கள் அப்பவே சொல்லிட்டாங்க’ என்று கிளம்புகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நம் முன்னோர்கள் இதைச் சொல்லவில்லை. அங்கே சுழி மாட்டின் சுபாவத்துக்குக் குறி, இங்கே உடையவனின் விதிக்குக் குறி. ரெண்டும் ஒரே மயிரைப் பார்க்கின்றன, அவ்வளவுதான்.

உடையவனின் விதியைக் கால்நடையின் உடம்பில் படிப்பது நமக்குப் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவை அப்படித்தான் தொடங்குகிறது: பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர். மதுரையில் கோவலனுக்கு நேர்வதை இடைச்சேரியின் மாடுகள் சொல்லிவிடுகின்றன. அதே இடத்தில்தான் ஏழு பெண்கள், ஏழு ஏறுகள் என்ற வரிசையும் வருகிறது. ஒவ்வொரு ஏற்றையும் நிறத்தாலும் புள்ளியாலும் நெற்றி அடையாளத்தாலும் சுட்டி, இதை அடக்குகிறவனுக்கு இவள் என்று சொல்லப்படுகிறது. அந்த ஏழு பேருக்கும் மாதரி குரல், துத்தம் முதலாக இசையின் ஏழு பெயர்களை இட்டுவிடுகிறாள். லெவிஸ்ட்ராஸ் 1962-இல் சொன்ன, விலங்குகள் சிந்திப்பதற்கு நல்லவை என்ற கருத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது: நிறம், பெண், சுரம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. இதில் நம் விமர்சகர்கள் கவனிக்காத ஒன்று, ஏற்றை வளர்ப்பது பெண் வீடு என்பது. கலித்தொகையின் முல்லைக்கலியிலும் அப்படியே. மாப்பிள்ளையைப் பெண் நேராகத் தேர்வதில்லை. அவள் வீடு ஒரு கன்றைத் தேர்ந்து வளர்க்கிறது, பிறகு அந்தக் காளை மாப்பிள்ளையைத் தேர்கிறது. தேர்வு ஒரு தலைமுறைக் கன்றின் வழியாகத் தள்ளிப்போடப்படுகிறது. இன்றைக்கும் புதுக்கோட்டைக் கிராமங்களில் காளைக்குத் தவிடு வைத்துத் தண்ணி காட்டி வளர்ப்பவர்களில் பெண்கள் நிறைய. வாடிவாசலில் மைக்கில் வாசிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் பெயர்.

முக்கூடற்பள்ளுக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. அங்கே மாட்டுப் பெயர்கள் வரிசையாக வருகின்றன: செம்மறையன், மயிலை, மஞ்சள்வாலன், அணிற்காலன், படப்புப்பிடுங்கி. கடைசிப் பெயரைப் பாருங்கள். வைக்கோல் படப்பைப் பிடுங்கித் தின்னும் மாடு. நாள் முழுக்கக் கூடவே கிடந்தவன் மட்டுமே வைக்கக்கூடிய பெயர். இந்த வரிசையைச் சொல்பவன் பள்ளன். சொல்வது பண்ணைக்காரனிடம், கணக்காக. மாடு அவனுடையதில்லை. மாட்டைத் தெரிந்தவன் ஒருவன், உடையவன் வேறொருவன். இந்தப் பிளவு விழுந்த பிறகு சுழி சாஸ்திரம் ஏன் உடையவனின் விதியையே பேசுகிறது என்பது விளங்கும். படப்புப்பிடுங்கிக்குச் சுழி எங்கே இருந்தாலும் அதை மேய்த்தவனின் பெண்டு, சொத்து பற்றி அந்தப் பட்டியலுக்கு அக்கறை இல்லை.

சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ இந்தப் பிளவின் உச்சம். ஜமீன்தாரின் காரியைப் பிச்சி அணைந்துவிடுகிறான். ஜமீன்தார் காரியைச் சுட்டுக் கொல்கிறார். பிடிபட்டது மாடு, கௌரவம் போனது மனிதனுக்கு. கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் பாலித்தீவின் சேவற்சண்டை பற்றி 1972-இல் எழுதியபோது, சண்டை போடுவது சேவல்கள் மாதிரித் தெரிந்தாலும் உண்மையில் மனிதர்கள்தான் என்றார். செல்லப்பா அதற்கு முன்பே அதைக் கதையாக முடித்து வைத்திருந்தார்.

தேர்வே இல்லாத ஒரு காளையும் இந்த மாவட்டத்தில் உண்டு. அதுதான் கோயில் காளை. வேண்டுதலுக்கு விடப்படும் கன்று. யாரும் சுழி பார்ப்பதில்லை; பிறந்தது கிடாக்கன்று, நேர்ந்தாயிற்று, அவ்வளவே. ஊர் முழுக்க மேயும். வாடிவாசலில் முதலில் அதை அவிழ்ப்பார்கள், யாரும் அதைப் பிடிக்கக்கூடாது. செத்தால் ஊரே கூடி மாலை போட்டு அடக்கம் செய்கிறது. உடையவன் இல்லாததால் அதன் உடம்பில் படிக்க எதுவும் இல்லை. அதேசமயம் அதை முதலில் அவிழ்க்கும் உரிமை, மரியாதையின் வரிசை, இவற்றுக்காக ஊர்களில் சண்டை உண்டு. நிக்கலஸ் டர்க்ஸ் 1987-இல் வெளியிட்ட புதுக்கோட்டை சமஸ்தானம் பற்றிய நூலில், காலனி ஆட்சியில் தொண்டைமான்களின் கிரீடம் உள்ளீடற்றதாகிவிட்டதைக் காட்டுகிறார். 1948-இல் சமஸ்தானமே போயிற்று. மரியாதை வரிசை போகவில்லை. கிரீடம் காலியானபோது அதிலிருந்து கசிந்தது கொஞ்சம் கோயில் காளையின் கழுத்து மாலையில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லலாம்.

இப்போது ஜப்பான் பக்கம் ஒரு எட்டு. 1996 பிப்ரவரியில் நின்டெண்டோவின் கையடக்கக் கருவிக்கு வந்த போகிமான் விளையாட்டு, சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்த சதோஷி தஜிரி உருவாக்கியது. அதன் ஆரம்பமே ஒரு கன்றுத் தேர்வுதான். ஒரு பேராசிரியர் மூன்று குட்டி அரக்கப் பிராணிகளை முன்வைத்து ஒன்றை எடுத்துக்கோ என்கிறார்: செடி, நெருப்பு, நீர். செடியை நெருப்பு வெல்லும், நெருப்பை நீர், நீரைச் செடி. போட்டிக்காரப் பையன் நாம் எடுத்த பிறகு, நம்முடையதை வெல்வதைப் பார்த்து எடுக்கிறான். எது சிறந்த முதல் பிராணி என்று உலகம் முழுக்கப் பையன்கள் வாதாடியிருக்கிறார்கள். என் அபிப்பிராயம், செடி வகை புல்பசார்தான்: முதலில் எதிர்ப்படும் பாறைக்காரனையும் அடுத்து வரும் நீர்க்காரியையும் அது சுலபமாகச் சமாளிக்கும், மூன்றாவதான மின்சாரக்காரனின் அடியும் அதற்குப் பாதிதான் உறைக்கும். நெருப்பு வகை சார்மாண்டரை எடுத்தவன் ஆரம்பத்திலேயே திண்டாடுவான். ஆனாலும் பாதிப் பேர் அதைத்தான் எடுப்பார்கள், பின்னால் அது பறக்கும் பெரிய உருவாக மாறும் என்பதற்காக. 16-ஆம் படியில் முதல் உருமாற்றம் நிச்சயம். உம்பளச்சேரிக் கன்று சாம்பலாவது போல.

இந்தத் தேர்வில் விலங்கும் இல்லை, பெண்டிழந்தானும் இல்லை. போகிற வழியில் எதிரே யார் வருவார்கள் என்பது மட்டுமே கணக்கு. ஆனால் அங்கேயும் சுழி உண்டு. ஒரே பெயருள்ள ரெண்டு பிராணிகள் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே, திரையில் காட்டப்படாத, மாறாத எண்கள் சில வைக்கப்பட்டிருக்கின்றன. 2002-இல் 25 வகைச் சுபாவங்களும் சேர்ந்தன. 1999-க்குப் பிறகு முட்டை பொரிக்கும் வசதி வந்ததும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் பொரித்து, எண் சரியில்லாததை ஒரு பொத்தானை அழுத்தி ‘விடுவித்து’விட்டார்கள். விடுவிக்கப்பட்டவை எங்கே போகின்றன என்று அந்த ஆட்டம் காட்டுவதில்லை.

நம்மூரிலும் அந்தப் பொத்தான் வந்துவிட்டது. டிராக்டர் வந்து உழவுமாடு போனது. சினை ஊசி வந்து பொலிகாளை போனது. பாலுக்கு ஜெர்சிக் கலப்பு வந்தது. கிடாக்கன்று பிறந்தால் நஷ்டம் என்றாகிவிட்ட பொருளாதாரத்தில் கிடாக்கன்றை ஆசையாகத் தேர்ந்து வளர்க்க மிச்சமிருந்த சில காரணங்களில் ஒன்று ஜல்லிக்கட்டு. 2011-இல் மத்திய அரசு காட்சிக்குத் தடை செய்யப்பட்ட விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-இல் உச்சநீதிமன்றம் முழுதாக நிறுத்தியது. 2016 டிசம்பரில், தெருவில் அலைந்து கைப்பேசியில் பிராணி பிடிக்கும் போகிமான் கோ இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது. அடுத்த மாதம் அதே கைப்பேசி வயதுப் பிள்ளைகள் மெரினாவில் உட்கார்ந்தார்கள். சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது.

திரும்பி வந்த ஜல்லிக்கட்டில் மாட்டின் உடம்பை வாசிப்பவர் மாறிவிட்டார். கால்நடை மருத்துவர் சான்று இல்லாமல் காளை உள்ளே போக முடியாது. 2021 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நாட்டு மாடுகளை மட்டுமே அனுமதிக்க வேண்டும், கலப்பினம் கூடாது என்றது. அன்றிலிருந்து திமிலும் ஒரு சுழியாயிற்று. இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்கப்படும், இல்லாவிட்டால் ஆகாது என்று தள்ளப்படும் குறி. சுத்தம் என்கிற சொல் மட்டும் மாறவில்லை. முன்னே சுழி சுத்தம், இப்போது இன சுத்தம். மனிதர்கள் விஷயத்தில் இந்தச் சொல் என்ன செய்திருக்கிறது என்பது தெரிந்த நாம் மாட்டின் விஷயத்தில் அதைக் கேள்வி கேட்காமல் கைதட்டிக்கொண்டிருக்கிறோம். நாட்டு மாடு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கோவில்வாசல் மாட்டைக் காப்பாற்றிவிட்டு, கொட்டிலில் பிறக்கும் மற்ற கிடாக்கன்றுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத பாதுகாப்பு எந்த மாதிரிப் பாதுகாப்பு?

ஜெர்சிக் கலப்புக் கன்றின் நெற்றியிலும் சுழி இருக்கிறது. சிலதுக்குக் கோபுரம், சிலதுக்கு முக்கண்கூட இருக்கும். குனிந்து பார்க்க ஆளில்லை. வண்டியோடு வரும் ஆள் அதைத் தூக்கிப் பார்த்து, எடை போட்டு, விலை சொல்கிறார்.