முதல் திருத்தமும் ராஜபாளையத்து முதலமைச்சரும்

பி. எஸ். குமாரசாமி ராஜா யார் என்று ராஜபாளையத்தில் கேட்டால், சொந்த வீட்டையே பொதுக் காரியத்துக்கு எழுதிவைத்தவர் என்றுதான் சொல்வார்கள். அந்த வீடு காந்தி கலை மன்றமாக நிற்கிறது. கொடை பெரியது, மறக்கக் கூடாதது. ஆனால் அவர் 1949 ஏப்ரல் முதல் 1952 ஏப்ரல் வரை சென்னை மந்திரிசபைக்குத் தலைமை தாங்கியவர். குடியரசு பிறந்த நாளில் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர். சட்டமியற்றும் இடத்தில் அவர் என்ன செய்தார் என்ற கேள்விக்கு அந்த வீட்டைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. 1951இல் நிறைவேறிய அரசியல் சட்ட முதல் திருத்தத்தின் மூன்று முக்கியப் பகுதிகளும் அவரது அரசின் சட்டங்களையும் ஆணைகளையும் தொட்டு நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு சட்டமன்ற உறுப்பினரை அவர் போட்ட வாக்குகளை வைத்து அளப்பது அமெரிக்க ஆய்வாளர்களின் வழக்கம். அந்த அளவுகோல் இங்கே பாதிதான் செல்லும். நம் மன்றங்களில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிவிடும். யார் எந்தப் பக்கம் என்பது ஏட்டில் ஏறாது. டிவிஷன் கேட்டுப் பெயர்கள் பதிவானாலும் அங்கே தெரிவது பெரும்பாலும் கொறடாவின் கட்டளையே. அதோடு, அரசாங்கத்தின் மிகப் பெரிய முடிவுகள் பல, மன்றத்தில் வாக்குக்கே வராத அரசாணைகளாகப் பிறக்கின்றன. எனவே வாக்குப் பட்டியலோடு சட்டப் புத்தகத்தையும், அதற்கும் மேலாக நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தாக வேண்டும்.

1934 தேர்தலில் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குமாரசாமி ராஜா மத்திய சட்டசபைக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அடக்குமுறைப் பிரிவுகளைத் தொடரச் செய்யும் குற்றவியல் சட்டத் திருத்த மசோதா சபைக்கு வந்தது. காங்கிரஸ் கட்சி எதிர்த்து நின்றது. சபை மசோதாவை நிராகரித்தது. வைஸ்ராய் தம் தனி அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கினார். காங்கிரஸ் கமிட்டிகளையே சட்டவிரோத அமைப்புகள் என்று அறிவிக்க 1908ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டம் பயன்பட்ட காலம் அப்போதுதான் கழிந்திருந்தது. அந்தக் கட்சியின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் நம்மவர்.

அதே 1908 சட்டத்தை 1950இல் சென்னை அரசு திருத்தி மீண்டும் கையில் எடுத்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் மாண்டார்கள். மார்ச் 1 அன்று ரொமேஷ் தாப்பரின் 'கிராஸ் ரோட்ஸ்' ஏடு மாநிலத்துக்குள் நுழையத் தடை. மார்ச் 10 அன்று மக்கள் கல்விச் சங்கம் சட்டவிரோத அமைப்பு என்று அரசாணை. இம்மூன்றும் ஒரு மாதத்துக்குள். கம்யூனிஸ்ட் கட்சி அப்போது ஆயுதப் பாதையில் இருந்தது, அரசுக்கு உண்மையான அச்சம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அச்சத்தின் பெயரால் இயற்றிய சட்டம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். சங்கம் தடைசெய்யப்பட்டதாக அறிவிப்பு வெளியானால் போதும், ஒவ்வொரு உறுப்பினருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை. முறையீட்டை ஆலோசனைக் குழு காகிதத்தில் பார்க்கும். பாதிக்கப்பட்டவர் நேரில் வந்தோ வக்கீல் வைத்தோ வாதாட வழியில்லை. தன் சங்கம் தடைசெய்யப்பட்டதை அறியாமலே ஒருவர் குற்றவாளியாகிவிடலாம். 1935இல் டெல்லியில் காங்கிரஸ் எதிர்த்த அதிகாரத்தின் சாயல் இதில் தெளிவாகவே தெரிகிறது. காலத்தின் கட்டாயம் என்று சொல்லி இதைக் கடந்துபோவது அவருக்கும் நியாயம் செய்வதாகாது. அவர் எதை எதிர்த்து அரசியலுக்கு வந்தாரோ அதையே மறந்துவிடுவதாகும்.

நீதிமன்றங்கள் கடந்துபோகவில்லை. 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் 'கிராஸ் ரோட்ஸ்' தடையை ரத்துசெய்தது. பொதுப் பாதுகாப்பு என்ற அகலமான காரணம் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தப் போதாது என்றது. அந்தத் தீர்ப்பைத் தாண்டத்தான் முதல் திருத்தம் 19(2) பிரிவில் பொது ஒழுங்கைச் சேர்த்தது. மக்கள் கல்விச் சங்க வழக்கு, அதாவது வி. ஜி. ராவ் வழக்கு, 1952 மார்ச் 31 அன்று முடிந்தது. பதஞ்சலி சாஸ்திரி எழுதிய அத்தீர்ப்பில் சென்னைச் சட்டம் வீழ்ந்தபோது குமாரசாமி ராஜா பதவி விலகப் பத்து நாள்தான் பாக்கி.

அடுத்தது இட ஒதுக்கீடு. கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிமுக்கு 1. இதுதான் வகுப்புவாரி அரசாணை. இது சட்டமன்றத்தில் வாக்கெடுத்து வந்ததல்ல. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1950 ஜூலை 27 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. இங்கே அரசு நினைத்திருந்தால் தீர்ப்பைக் காரணம் காட்டி ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை, மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. பெரியாரின் கிளர்ச்சியும் காமராஜரின் அழுத்தமும் முதல் திருத்தத்தின் வழியே 15(4) பிரிவைக் கொண்டுவந்த கதை பலரும் எழுதியது. ஆணையைக் கடைசிப் படிவரை காத்துநின்ற மந்திரிசபையைப் பற்றி எழுதுவோர் குறைவு. அந்தப் பங்கு குமாரசாமி ராஜாவின் கணக்கில் வைக்கப்பட வேண்டும் என்பது என் துணிபு.

மூன்றாவது, நிலம். அவருக்கு முன் ஆண்ட ஓமந்தூரார் காலத்தில் இயற்றிய ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு, அதாவது 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்துக்கு, 1949 ஏப்ரல் 2 அன்று கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கிடைத்தது. நான்கே நாளில் குமாரசாமி ராஜா பதவியேற்றார். இயற்றிய புகழ் முன்னவருக்கு, நடைமுறைப்படுத்தும் பாரம் பின்னவருக்கு. சேத்தூர் ஜமீனை ஒட்டி வளர்ந்த ஊர்க்காரருக்கு இச்சட்டம் ஏட்டுப் பொருளாக இருந்திருக்க முடியாது. ஜமீன்களை அரசு ஏற்கவும், அளந்து தீர்வை நிர்ணயிக்கவும், உழுத குடிகளுக்கு ரயத்துவாரிப் பட்டா கொடுக்கவும் வேண்டியிருந்தது. 1950இல் முதலாம் சட்டமாக ஒரு திருத்தமும் வந்தது. முதல் திருத்தம் ஒன்பதாம் அட்டவணையை உண்டாக்கி நீதிமன்றத்துக்கு எட்டாமல் வைத்த 13 சட்டங்களில் இவ்விரண்டும் உண்டு.

முதல் திருத்தத்துக்கு வெளியேயும் இவ்வாட்சியின் தடம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதிக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த இந்து அறநிலையத் துறையின் நிர்வாக வடிவமும் இந்த ஆட்சியின் 1951ஆம் ஆண்டு 19ஆம் சட்டத்தில் பிறந்ததே. பழைய வாரியம் போய் கமிஷனர் தலைமையில் துறை வந்தது. சிரூர் மடத்து வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் பல பிரிவுகளை ரத்துசெய்தது. அதிகாரிகள் எந்தச் சமய நிறுவனத்துக்குள்ளும் நினைத்த நேரத்தில் நுழையலாம் என்ற பிரிவும் அவற்றுள் ஒன்று. அடிப்படை அமைப்பு பிழைத்தது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதன் மேலேயே எழுந்தது.

இவ்வளவும் நடந்த பிறகு வந்த 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் குமாரசாமி ராஜா தோற்றார். அவரோடு பக்தவத்சலம் உள்ளிட்ட மந்திரிகளும் தோற்றார்கள்; 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. மழை பொய்த்து, ரேஷன் அரிசிக்கு மக்கள் அல்லாடிய ஆண்டுகள் அவை. ஆனால் பஞ்சமும் கட்சி மீதான கோபமும் மட்டும் முழுக் காரணமாகா. அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரசின் காமராஜர் வென்றார். கட்சித் தலைவரை ஏற்ற வட்டாரம் ஆட்சித் தலைவரை ஏற்கவில்லை. இட ஒதுக்கீட்டையும் பட்டாவையும் காத்த அரசு, அரிசிக் கடையில் நின்றவருக்குக் கெடுபிடி செய்யும் அரசாகவே தெரிந்தது; உணவுக் கட்டுப்பாட்டை அடுத்து முதலமைச்சரான ராஜாஜி 1952இல் நீக்கியதும் கிடைத்த வரவேற்பு அதற்குச் சான்று. 1954இல் குமாரசாமி ராஜா ஒரிசா கவர்னராகப் போனார், 1957இல் காலமானார். செண்பகம் வழக்கும் வி. ஜி. ராவ் வழக்கும் இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகின்றன. இரண்டிலும் மேல்முறையீட்டாளராக நின்றது அவரது அரசு. ஒன்றில் அது தோற்றது சமூக நீதிக்காகப் போராடி, மற்றதில் தோற்றது குடிமக்கள் உரிமையை நெருக்கி. அவரைப் பற்றி எழுதப்படும் எந்த வரலாறும் இந்த இரண்டு தோல்விகளையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து எழுதப்பட வேண்டும்.