மென்பொருளுக்கும் சிக்கனம் வேண்டும்

நம் வயதுக்காரர்கள் பலரிடம் ஒரே புலம்பல். கைபேசி உடையவில்லை, பேட்டரியும் நன்றாக இருக்கிறது. ஆனால் வங்கிச் செயலி மட்டும் இந்தக் கருவியில் இயங்காது என்கிறது. பொருள் கெடவில்லை, மென்பொருள் கனத்துவிட்டது. இந்தக் கனத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

பாஸ்கல் என்ற கணினி மொழியை உருவாக்கிய சுவிஸ் பேராசிரியர் நிக்லவுஸ் விர்த், 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் 8,000 பைட்டில் ஒரு எடிட்டரை எழுத முடிந்தது, இப்போது அதைப்போல் நூறு மடங்கு இடம் கேட்கிறது என்றார். கணினியின் வேகம் கூடுவதை விட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அவர் வாதம்.

சிக்கனமாகவும் செய்யலாம் என்பதற்குப் பிரான்சின் மினிதெல் சாட்சி. 1980-களில் தொலைபேசித் துறை வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்த சிறு பெட்டி அது. திரையில் 25 வரி, வரிக்கு 40 எழுத்து, வேகம் நொடிக்கு 1,200 பிட். அதிலேயே தொலைபேசி எண் தேடினார்கள், ரயில் டிக்கெட் பதிந்தார்கள். 2012 ஜூன் 30 வரை அந்தச் சேவை நடந்தது.

இதில் சுற்றுச்சூழல் எங்கே வருகிறது? கணினி, டிவி, கைபேசி, இணையம் எல்லாம் சேர்ந்து பிரான்சில் உண்டாக்கும் கார்பன் சுமையில் 79 சதவீதம் மக்கள் கையிலும் வீட்டிலும் உள்ள கருவிகளால் வருவது என்று 2022 ஜனவரியில் அந்நாட்டு அரசு அமைப்புகள் கணக்கிட்டன. அதிலும் பெரும்பங்கு கருவியைத் தயாரிக்கும்போதே ஏற்பட்டுவிடுகிறது. ஆகவே, நல்ல கருவியைக் குப்பைக்கு அனுப்பும் மென்பொருள்தான் பெரிய செலவாளி.

2021 நவம்பர் 15-இல் பிரான்ஸ் இதற்கென்றே சட்டம் இயற்றியது. அதன் வழியே 2024-இல் வந்த வழிகாட்டி நெறியில் 78 கேள்விகள். இந்தச் சேவை தேவைதானா என்பதிலேயே அது தொடங்குகிறது. பழைய கருவியில் இயங்குமா, வீடியோ தானாக ஓடுகிறதா என்றும் கேட்கிறது. இந்தச் சிக்கனத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் சொல் 'சொப்ரியெத்தே'. குடிக்காமல் நிதானமாக இருப்பதற்கும் அதே சொல்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை!

குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் என் யோசனைகள் மூன்று. பாதுகாப்புத் திருத்தத்தைப் புது அலங்காரங்களோடு சேர்த்துக் கட்டாமல் தனியாகக் கொடுக்க வேண்டும். தேவையில்லாத விவரத்தையும் பெரிய பெரிய படங்களையும் கேட்கக்கூடாது. அலுவலகத்தில் காலம் கடந்த கோப்புகளைக் கழிப்பது போல, சர்வரில் உள்ள பழைய தரவுகளையும் கெடு வைத்துக் கழிக்க வேண்டும்.

ஓய்வூதியர் ஒருவர் உயிர்ச்சான்று கொடுக்கப் புதுக் கைபேசி வாங்க நேர்ந்தால், அந்தச் செயலியை எழுதியவர் தம் வேலையை முடிக்கவில்லை என்றே நான் சொல்வேன்.