செஞ்சி வரலாறும் அறிஞர்களின் உரையாடலும்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ராஜா தேசிங்கு! 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இளம் வயதிலேயே மாண்டவன். கதைப்பாடல்கள் அவனை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. ஆனால் அவன் ஆட்சி ஓர் ஆண்டுகூட நீடிக்கவில்லை. கோட்டையின் மற்ற நூற்றாண்டுகளின் கதை எங்கே இருக்கிறது?

அது பல மொழிகளில் சிதறிக் கிடந்தது. 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகையையே எடுத்துக்கொள்வோம். உள்ளே மராத்திய மன்னர் ராஜாராம், வெளியே முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான். முகலாயர் பக்கம் இருந்த பீம்சேன் பாரசீகத்தில் எழுதினார். புதுச்சேரியிலிருந்து பிரான்சுவா மார்ட்டின் பிரெஞ்சில் குறித்து வைத்தார். மராத்தி ஆவணங்கள் தனி. அதற்கு முந்தைய நாயக்கர் காலத்துக்கோ, 1597-ல் வந்த இயேசு சபைப் பாதிரியார் பிமெண்டாவின் கடிதங்கள்! ஒருவரே இத்தனையும் படிப்பது நடக்கிற காரியமா?

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மெக்லியட் என்ற ஆங்கிலேய அதிகாரி கேட்டுக்கொண்டதால், நாராயணன் என்பவர் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்ற நூலைத் தமிழில் எழுதினார். அது மெக்கன்சி சேகரித்த சுவடிகளோடு சேர்ந்தது. அச்சேறியது 1952-ல்தான்!

அதற்கு முன்பே அந்தச் சுவடியையும் பிறமொழிச் சான்றுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரி. செஞ்சியின் வரலாறு பற்றிய அவரது ஆங்கில நூலை 1943-ல் அந்தப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. 1929-ல் தொடங்கிய இளம் பல்கலைக்கழகம், உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம்! ஆய்வாளர் உழைத்தால் மட்டும் போதாது. அதன் அருமையை நிர்வாகமும் உணர வேண்டும்.

பின்னர் பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ் மதில்களையும் வாயில்களையும் நேரில் ஆராய்ந்து, எது எந்தக் காலத்துக் கட்டுமானம் என்று பிரித்துக் காட்டினார். ஏட்டில் இல்லாததைக் கல் சொன்னது.

2025-ல் யுனெஸ்கோ மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. பெருமைதான். ஆனால் 1677 முதல் 1698 வரையிலான மராத்தியர் காலம் செஞ்சியின் ஓர் அத்தியாயம் மட்டும்தானே? நாயக்கர், பீஜப்பூர், முகலாயர், பிரெஞ்சுக்காரர் காலங்களும் மறக்கப்படாமல் இருக்க வேண்டுமானால், பாரசீகம் படித்தவரும் மராத்தி படித்தவரும் பிரெஞ்சு படித்தவரும் தமிழறிஞரோடு ஒரே மேசையில் அமர வேண்டும். அந்த மேசையைப் போட வேண்டியவர்கள் துணைவேந்தர்களும் துறைத் தலைவர்களும்தான்.

ஒரு அதிகாரி கேட்டார், ஒருவர் எழுதினார். செஞ்சியின் வரலாறு பிழைத்தது அப்படித்தான்!