வாய்ப்பாட்டும் வாயசைப்பும்

சில ஆண்டுகளுக்கு முன், பாலக்காட்டுச் சீமையின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த சிற்றூர் ஒன்றில் நடந்த கோயில் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். இரவு பத்து மணிக்குமேல் கானமேளா தொடங்கிற்று. பாடகர் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக ஓடியாடிப் பாடிக்கொண்டிருந்தார். சரணத்தின் நடுவே அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஒலிவாங்கியைத் தாழ்த்தி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டோ நிற்கவில்லை, சங்கதி ஒன்றுகூடக் குறையாமல் ஒலிபெருக்கி வழியாக ஓடிக்கொண்டே இருந்தது. முன்வரிசை இளைஞர்கள் சிரித்தார்கள், சிலர் கைதட்டவும் செய்தார்கள். நம் அருகே துண்டை விரித்து அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும் நம் பக்கம் திரும்பி, "ஏனுங்க, அவருதான் வாயை மூடிட்டாரே, பாட்டு நிக்கலையே?" என்று கேட்டார். ஏளனமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நமக்கு உடனே விடை சொல்ல வாய் வரவில்லை.

பாடகர் மேடையில் பாடத்தான் வேண்டுமா, முன்னரே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைத்தால் போதாதா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுப்பப்படுகிறது. ஆனால் இதை வெறும் இயந்திர யுகத்து வினாவென்று எண்ணிவிடலாகாது. ஒருவர் பாட மற்றொருவர் ஆடுவது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். அவ்வழக்கத்தை நன்கு அறிந்த நிலப்பகுதிகளுள் பாலக்காடும் இடுக்கி எல்லையும் அடங்கும்.

குமுளியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் மலையேறிச் சென்று வணங்கும் மங்கலதேவிக் கண்ணகி கோயிலை நேயர்கள் அறிவீர்கள். அந்தக் கண்ணகியின் கதையைப் பாடிய சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்றொரு பகுதி உண்டு. ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்ட அரங்கிலே மாதவி ஆடுகிறாள். அவளுக்கு ஆடல் ஆசான் ஒருவன், இசையாசான் ஒருவன், பாட்டு இயற்றும் புலவன் ஒருவன், தண்ணுமை முழக்குவோன் ஒருவன், குழலோன், யாழோன் எனத் தனித்தனியே பலர். ஒவ்வொருவனுடைய தகுதியையும் இளங்கோவடிகள் வரிசையாக எடுத்துரைக்கிறார். தொழில் பிரிந்திருக்கிறது, ஆனால் எவனுடைய தொழிலும் மறைக்கப்படவில்லை.

கதகளியின் வரலாறு இதனினும் சுவையானது. பதினேழாம் நூற்றாண்டில் கொட்டாரக்கரைத் தம்புரான் இயற்றிய இராமனாட்டத்தில் நடிகர்களே பாடி ஆடினார்கள் என்பது மரபுவழிச் செய்தி. ஆடுபவனுக்கு மூச்சு வாங்கும், பாட்டுக் கெடும். வெட்டத்துத் தம்புரான் இதைச் சீர்செய்து, பாடும் பொறுப்பைப் பின்னணிப் பாடகரிடம் ஒப்படைத்தார் என்பர். அன்றுமுதல் நடிகர் வாய் திறப்பதில்லை. கையும் கண்ணும் பேசுகின்றன. பொன்னானிப் பாடகர் சேங்கிலையைத் தட்டிக்கொண்டும், சிங்கிடிப் பாடகர் இலத்தாளத்தை ஒலித்துக்கொண்டும் நடிகருக்குப் பின்னே, எல்லாரும் பார்க்கும்படி நின்று பாடுகிறார்கள். நடிகர் ஒரு முத்திரையை நீட்டினால் பாடகரும் அடியைத் திரும்பப் பாடி நீட்டுவார். நளன்தான் பாடுகிறான் என்று அங்கே யாரும் ஏமாறுவதில்லை. வெள்ளிநேழி போன்ற பாலக்காட்டு ஊர்களில் விடியவிடியக் கதகளி பார்த்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி, தோல்பாவைக் கூத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழராகிய நமக்கு அதில் தனி உரிமை உண்டு. பாரதப்புழையின் இருகரைகளிலும், சொரனூர், ஒற்றப்பாலம் வட்டாரத்துப் பகவதி கோயில்களில், கூத்துமாடம் என்னும் நீண்ட மேடைக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே திரைச்சீலைக்குப் பின்னால் இருபத்தொரு விளக்குகளை ஏற்றிவைத்து, மான்தோலில் வெட்டிய பாவைகளின் நிழலை வீழ்த்தி, இராமாயணத்தை நடத்துகிறார்கள். பாடப்படுவது கம்பனுடைய தமிழ்ப் பாட்டு! தமிழும் மலையாளமும் வடமொழியும் விரவிய உரையோடு, புலவர் என்றே பெயர் பெற்ற கலைஞர்கள் இரவு முழுவதும் பாடிப் பொருள் சொல்கிறார்கள். கோயிலின் வழக்கத்தைப் பொறுத்து ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள் எனக் கூத்து நீளும்.

பாடுபவரை அங்கே எவரும் காண்பதில்லை; காண்பது நிழலை மட்டுமே. பல இரவுகளில் காண்பதற்கே எவரும் இருப்பதில்லை. நள்ளிரவுக்குப் பின் மைதானம் வெறிச்சோடிவிடும். அப்பொழுதும் புலவர் பாட்டை நிறுத்துவதில்லை, ஒரு செய்யுளையும் விழுங்குவதில்லை. ஏனெனில், தாரிகனோடு பொருதுகொண்டிருந்ததால் இராம-இராவண யுத்தத்தைக் காணத் தவறிய பத்திரகாளிக்காகவே இக்கூத்து நடைபெறுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கேட்பவள் எதிரே கோயிலுக்குள் இருக்கிறாள். அவளிடம் பொய்க்குரல் செல்லாது. இக்கலையை வீதிகளுக்கும் வெளிநாட்டு அரங்குகளுக்கும் கொண்டுசென்ற இராமச்சந்திர புலவருக்கு 2021-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அரங்குக்கேற்ப அவர்கள் ஒரு மணி நேரமாகச் சுருக்கிக் காட்டுவதும் உண்டு. அதில் நாம் குறை காணவில்லை.

திரைப்படத்துக்கு வருவோம். பேசும்படத்தின் தொடக்கக் காலத்தில் நடிகரே பாட வேண்டியிருந்தது. படப்பெட்டி ஓடும்போதே, அதன் கண்ணுக்குப் படாத மூலையில் வாத்தியக்காரர்களை அமர்த்திக்கொண்டு பாடினார்கள். பாடத் தெரியாதவர் நடிகராவது அரிது. 1938-இல் ஏ. வி. மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமனின் குரல் நடிகையொருவருக்கு இரவல் கொடுக்கப்பட்டது. தமிழில் பின்னணிப் பாட்டு அதனுடன் தொடங்கிற்று. மலையாளத்தில் 1948-இல் வெளிவந்த 'நிர்மலா' அவ்வழியைத் திறந்தது. அதில் பாடியவர்களுள் பாலக்காட்டுச் சித்தூரில் பிறந்த பி. லீலாவும் ஒருவர். இலப்புள்ளியில் பிறந்த எம். எஸ். விசுவநாதன் பிற்காலத்தில் எத்தனை எத்தனை குரல்களை எத்தனை முகங்களுக்குப் பொருத்தினார் என்பதை எண்ணிச் சொல்ல இயலாது.

இதை ஏமாற்று என்பீர்களா? நாம் அவ்வாறு கூறமாட்டோம். அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவர் நாம். பிறர் சொன்னதை நம் வாயால் சொல்லிக் காலம் கழிக்கிறவர். மொழிபெயர்ப்பு என்று தலைப்பில் அச்சிட்டுவிட்டால் அது நேர்மையான தொழில்; அதை மறைத்தால் திருட்டு. திரைப்பாட்டிலும் தொடக்கத்தில் அந்தத் திருட்டு இருக்கத்தான் செய்தது. 1949-இல் வந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டில், பாடியவர் லதா மங்கேஷ்கர் என்று அச்சிடாமல், 'காமினி' என்று கதைப்பாத்திரத்தின் பெயரையே அச்சிட்டிருந்தார்கள். நாளடைவில் பாடகர் பெயர்கள் வெளிவந்தன. அதன்பின் மக்கள் அந்தப் பாடகரையே நேரில் காண விரும்பினார்கள். திரையில் மறைந்திருந்தவர் வெளியே வந்து, இதோ நான்தான், இதோ என் குரல் என்று நிற்கும் இடமே மேடைக் கச்சேரி. அங்கும் அவர் தம் பதிவுக்கே வாயசைத்தால், திரையை விட்டு வெளியே வந்ததில் என்ன பொருள் இருக்கிறது?

வானொலியின் வழக்கத்தையும் இங்கே குறிப்பிடலாம். சென்னை நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாளும், கோழிக்கோடு நிலையம் 1950-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாளும் தொடங்கப்பட்டன. அந்நாட்களில் கச்சேரியானாலும் நாடகமானாலும் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்புத்தான். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் தொண்டையைக் கனைக்கவும் வழியில்லை. வித்வான் முகம் நேயருக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் அவர் பாடுகிறார் என்பது தெரியும். பின்னர் ஒலிப்பதிவு மிகுந்தபோது, நேரடி ஒலிபரப்பை நேரடி என்றும் பதிவைப் பதிவு என்றும் அறிவிக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. குருவாயூரில் செம்பை பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் சங்கீத உற்சவத்தின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை வானொலியில் கேட்பவர்கள், அந்தக் 'நேரடி' என்ற சொல்லுக்குள்ள மதிப்பை உணர்ந்திருப்பார்கள்.

பாலக்காடு மணி அய்யர் இவ்விஷயத்தில் மற்றவர்களைவிட ஒருபடி மேலே சென்றார். பதிவை அல்ல, ஒலிவாங்கியையே அவர் வேண்டாம் என்றார். மிருதங்கத்தின் நாதத்தை இயந்திரம் திரித்துவிடுகிறது என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் ஒலிவாங்கி இல்லாத கச்சேரிகளையே வற்புறுத்தினார். 1906 முதல் 1933 வரை வாழ்ந்த செங்கோட்டைக் கிட்டப்பா நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை வெறுங்குரலால் எட்டியவர் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லாருக்கும் அது கைகூடாது. ஆயிரக்கணக்கானோர் கூடும் மைதானத்தில் ஒலிபெருக்கியை விலக்குவது நடவாத காரியம். மணி அய்யரின் கொள்கையை வணங்கிவிட்டு அப்பால் செல்லுகிறோம். அவரிடம் மிருதங்கம் பயின்றிருந்தால் ஒருகால் வேறுவிதமாகப் பேசுவோம்.

ஆனால் இடுக்கி மலையில் நடந்த ஒன்றை விட்டுவிட்டுச் செல்ல மனமில்லை. 1956-இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 1958-இல் தேவிகுளம் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். மலைக்குக் கிழக்கே பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன் ஆர்மோனியத்துடன் மலையேறினார். மக்கள் அறிந்த திரைப்பாட்டு மெட்டுகளில் தாம் கட்டிய சொற்களைப் பொருத்திப் பாடினார். வேட்பாளர் வென்றார். அவ்வெற்றியில் பாவலருக்குரிய பங்கை முதலமைச்சர் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு மேடையிலேயே பாராட்டியதை, பாவலரின் தம்பி இளையராஜா நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தப் பாட்டுக்களின் வலிமை எதில் இருந்தது? மெட்டு புதிதன்று; குரலுக்கும் இயந்திர மெருகு கிடையாது. எதிரே நிற்பவன் யார், நேற்று எதிர்க்கட்சியார் என்ன பேசினார், இன்று தோட்டத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்துச் சொல்லை மாற்றும் வசதி பாடுகிறவனுக்கு இருந்தது. கூட்டம் சிரித்தால் அடியைத் திருப்பிப் பாடலாம். முகம் சுளித்தால் அடுத்ததற்குத் தாவலாம். முந்திய மாதமே பதிவுசெய்து கொண்டுவந்த பாட்டுக்கு இந்தக் கண் ஏது, காது ஏது? அண்ணனோடு ஊர் ஊராகச் சுற்றி, இப்படிக் கூட்டத்தின் முன்னிலையில் வளர்ந்தவர்தாம் இளையராஜா. 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனில் அவருடைய சிம்பொனியை அரங்கேற்றியபோதும் அத்தனை வாத்தியக்காரர்களும் மேடையில் அமர்ந்து வாசித்தார்கள்.

வாயசைப்பால் விளைந்த சங்கடங்களுக்கு வெளிநாட்டில் பஞ்சமில்லை. மில்லி வனில்லி என்ற இரட்டையர், இசைத்தட்டில் தாங்கள் பாடவே இல்லை என்பது வெளிப்பட்டதும், பெற்ற கிராமி விருதை 1990-இல் இழந்தார்கள். 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வாயசைத்தாள். குரலோ, முகத்தோற்றம் போதாதென்று விலக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமியுடையது. இசைப் பொறுப்பாளர் வானொலிப் பேட்டி ஒன்றில் இதை வெளியிட்டார். பாட்டைவிட, அந்த ஏழு வயதுக் குழந்தையின் மனத்தை எண்ணியே நமக்கு வருத்தம் மேலிடுகிறது. 2006-இல் டூரின் நகரக் குளிர்கால ஒலிம்பிக் விழாவில் பவரொட்டியும் பதிவுக்கே வாயசைத்தார் என்று அவருடைய இசைநடத்துநர் பின்னர் எழுதினார். முதுமை, நோய், உறைபனி. அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. முன்னதாகவே அறிவித்திருக்கலாம் என்று மட்டும் தோன்றுகிறது.

ஆடிக்கொண்டே பாடும் இளைஞர்களுக்கும் இதையே சொல்வோம். மூச்சு வாங்குமானால், கதகளியைப் போல் பின்னே ஒருவரை நிறுத்திப் பாடவையுங்கள். அவர் பெயரையும் சொல்லுங்கள். பதிவுதான் ஒலிக்கிறதென்றால், நுழைவுச் சீட்டிலேயே அதை அச்சிடுங்கள். அப்பொழுது அந்தப் பெரியவர் நம்மிடம் கேள்வி கேட்க நேராது.

கோட்டாயியை அடுத்த செம்பையில் 1896-இல் பிறந்த வைத்தியநாத பாகவதருக்கு, 1950-களின் தொடக்கத்தில், புகழின் உச்சியில் இருந்தபோது, கச்சேரியின் நடுவிலேயே குரல் அடைபட்டுப் போயிற்று என்பர். வெண்கல மணிபோன்ற அக்குரலைக் கேட்க வந்தவர்களின் முன்னே அவர் குரலின்றி அமர்ந்திருந்தார். வைத்தியமும் குருவாயூரப்பன் வழிபாடுமாக நாட்கள் கழிந்து, குரல் மீண்டபின் மீண்டும் மேடையேறினார். 1974-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் வயதில், ஒற்றப்பாலத்துப் பூழிக்குன்னு கிருஷ்ணன் கோயிலில் கச்சேரி செய்தார். சிறுவனாக அவர் முதற்கச்சேரி செய்ததும் அக்கோயிலில்தான். பாடி முடித்துச் சிறிது நேரத்தில் அங்கேயே உயிர் நீத்தார்.