பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய்

பழைய ரூபாய் நோட்டுகள் சேர்க்கிறவன் என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், இது எவ்வளவுக்குப் போகும்?" முப்பத்தைந்து வருடம் வங்கிக் கவுன்ட்டரில் பணம் எண்ணியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன், இப்போது செல்லாத பணத்தை. இது என் மனைவி செய்யும் கேலி.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே விலைப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த கவர்னரின் கையெழுத்து, எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து, எத்தனை மடிப்பு, ஓரம் கிழிந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து விலை போடுவார்கள். ஒரு நோட்டு ஏன் அரிதாயிற்று என்பதை மட்டும் அந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு நோட்டைப் பற்றி இன்று சொல்கிறேன்.

நம் ரிசர்வ் வங்கி 1935-இல் தொடங்கியது. அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய். ஆறாம் ஜார்ஜ் மன்னர் படமும், கவர்னர் ஜேம்ஸ் டெய்லர் கையெழுத்தும் இருக்கும். அதே வருடம் ஆயிரம் ரூபாய், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகளும் வந்தன. பத்தாயிரத்துக்கு மேல் மதிப்புள்ள நோட்டை ரிசர்வ் வங்கி இன்றுவரை அச்சடித்ததில்லை.

இரண்டாம் உலகப் போரில் கள்ளச் சந்தையில் கொழுத்தவர்களைப் பிடிக்க வேண்டும் என்று 1946 ஜனவரி 12 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. 500, 1000, 10000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. ஏறக்குறைய 144 கோடி ரூபாய்க்குப் பெரிய நோட்டுகள் வெளியே இருந்தன. அதில் சுமார் 135 கோடி வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது. பிடிபட வேண்டிய பெரிய மீன்கள் எப்படியோ மாற்றிக்கொண்டார்கள். திரும்பி வராதது ஒன்பது கோடி மட்டுமே.

இங்கேதான் நோட்டு சேர்ப்பவர்களின் கணக்கு தொடங்குகிறது. திரும்பி வந்த நோட்டுகளை வங்கி அழித்துவிடும். அலுவலக மாதிரிக்கென்று வைத்த தாள்களை விட்டுவிட்டால், இன்று ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் அந்தத் திரும்பாத நோட்டுகள்தான். அதாவது, யாரோ ஒருவரால் மாற்ற முடியாமல் போனவை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகள் மீண்டும் வந்தன. இந்த முறை மன்னர் இல்லை, அசோகச் சிங்கங்கள். ஐயாயிரம் ரூபாயில் பம்பாயின் கேட்வே ஆஃப் இந்தியா. ஆயிரம் ரூபாயின் பின்பக்கம் நம் தஞ்சைப் பெரிய கோயில். கோபுரத்தோடு கூடிய அந்தப் பெரிய தாளைக் கையில் பிடித்தாலே ஒரு கம்பீரம். ஆனால் எத்தனை பேர் பிடித்திருப்பார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மாதச் சம்பளம் ஆயிரத்தைத் தொடவில்லை. அந்த ஒரு தாளுக்கு ஒரு பவுனுக்கு மேலேயே தங்கம் வாங்கலாம்.

அடுத்தது 1978. அன்று மொரார்ஜி தேசாய் பிரதமர். ரிசர்வ் வங்கியின் அதிகாரபூர்வ வரலாற்றிலேயே இந்தக் கதை இருக்கிறது. ஜனவரி 14, நமக்குப் பொங்கல். அன்று ஆர். ஜானகிராமன் என்ற மூத்த அதிகாரியை உடனே டில்லிக்கு வரச் சொன்னார்கள். போன பிறகுதான் காரியம் தெரிந்தது: ஒரே நாளில் ஓர் அவசரச் சட்டம் எழுத வேண்டும். அவர் 1946 சட்டத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, அதை வைத்து எழுதிக் கொடுத்தார். 16-ஆம் தேதி விடிவதற்குள் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி கையெழுத்திட்டார். காலை ஒன்பது மணி வானொலிச் செய்தியில் நாடு கேட்டது. கவர்னராக இருந்த ஐ.ஜி. படேலுக்கே இதில் நம்பிக்கை இல்லை. கறுப்புப் பணம் வைத்திருப்பவர்கள் அதைத் தலையணைக்குள் நோட்டாக வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவர் கருத்து.

17-ஆம் தேதி வங்கிகளுக்கு வேலை நிறுத்தி வைப்பு. நோட்டை ஒப்படைக்க 19-ஆம் தேதி வரைதான் கெடு. பணம் எப்படி வந்தது என்று படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறியவர்கள் காரணம் சொல்லி 24-ஆம் தேதிக்குள் ரிசர்வ் வங்கியையே அணுகலாம். அதோடு சரி.

நான் அப்போது பழைய தஞ்சை மாவட்டத்தில் கடலோரத்துக்குப் பக்கமாக ஒரு சிறிய கிளையில் வேலை பார்த்தேன். வயது இருபத்து நான்கு. அந்த நாலு நாளில் எங்கள் கிளைக்கு வந்து விசாரித்தவர்கள் நாலைந்து பேர்தான். எல்லோரும் விவரம் தெரிந்தவர்கள், வீட்டில் வானொலி உள்ளவர்கள்.

மாசி மாதக் கடைசியில் ஓர் அம்மா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைப் புடவை. மடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து, அதற்குள்ளிருந்து இரண்டு நோட்டுகளைக் கவுன்ட்டரில் வைத்தார். இரண்டும் பெரிய கோயில் நோட்டு.

"தம்பி, இதைச் சில்லறையா மாத்திக் குடுங்க."

முந்தைய நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட 1977 புயலை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் அவர் கணவர் காய்ச்சலில் இறந்திருக்கிறார். புயலில் கூரை போனதும், பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மாசியில் கூரை வேயத் திரும்பி வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தால், கல்யாண மொய் நோட்டுக்குள் இந்த இரண்டு தாள்கள். ஒரு ஜோடி மாடு விற்ற பணமாம். மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது.

நான் ஒரே வார்த்தையில், "செல்லாதும்மா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நோட்டைத் திருப்பிக் காட்டினார். "பெரிய கோயில் படம் போட்டிருக்கே தம்பி. எப்படிச் செல்லாமப் போகும்?"

மேனேஜர் நல்ல மனிதர். உள்ளே உட்கார வைத்து, சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். எங்காவது வழி உண்டா என்று சுற்றறிக்கைகளையெல்லாம் புரட்டினார். எல்லாக் கெடுவும் முடிந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. அந்த அம்மா அழவில்லை. நோட்டுகளை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, கோயில் படந்தானே. சாமி மாடத்துல வெச்சுடறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சட்டப்படி நான் செய்தது சரி. ஆனாலும் எழுந்து நின்று, உட்கார வைத்து, மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்று இன்றுவரை உறுத்துகிறது. வேறு ஊருக்கு மாற்றலாகி, பல வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். குடும்பம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

நோட்டு சேர்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அதற்குப் பிறகுதான். சில வருடம் முன்பு சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் அதே நோட்டைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் அழகாக இருந்தது. விலை, என் பென்ஷனில் பல மாதத்துத் தொகை. விற்பவர், "மடிப்பே இல்லை பாருங்க சார், பெட்டியிலேயே இருந்த நோட்டு" என்றார். மடிப்பு இல்லாததுதான் அதன் பெருமை. எனக்கோ அது யார் வீட்டுப் பெட்டியோ என்றுதான் தோன்றியது. வாங்க மனம் வரவில்லை.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். 1978-இல் பெரிய நோட்டு பணக்காரர்களிடம் மட்டுமே இருந்தது என்று சொல்வார்கள், அதுவே முழு உண்மை இல்லை. 2016-இல் புழக்கத்திலிருந்த பணத்தில் 86 சதவீதம் அந்த நோட்டுகள்தான். கிட்டத்தட்ட 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்தது என்று பிறகு ரிசர்வ் வங்கியே சொன்னது. 1946-இன் கதைதான் திரும்பவும். திரும்பாத மிச்சத்தில் யார் யார் இருந்தார்கள்? 2019-இல் திருப்பூர் மாவட்டத்தில் மூதாட்டியான இரு சகோதரிகள் பற்றிய செய்தி படித்திருப்பீர்கள். வைத்தியத்துக்கும் இறுதிக் காரியத்துக்கும் என்று 46,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்கள். எல்லாம் பழைய நோட்டு. செல்லாது என்பதே மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது.

அந்த நவம்பர், டிசம்பரில் எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், தனியாக இருக்கும் பெரியவர்களிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: "அரிசிப் பானை, சாமி அலமாரி, பழைய புடவை மடிப்பு, எல்லாம் பார்த்தாச்சா?" ஒரு பாட்டி குலதெய்வத்துக்கு முடிந்து வைத்திருந்த துணியை அவிழ்த்தார். நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். கெடு முடியும் முன் அவரோடு போய் வரிசையில் நின்று, கணக்கில் கட்டிவிட்டு வந்தேன். 1978-க்கு அது ஈடாகாது. இருந்தாலும் அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நடைமுறைக்குச் சில வார்த்தைகள். 2016-இல் செல்லாமல் போன நோட்டுகளை ஒருவர் பத்துக்கு மேல் வைத்திருக்க 2017-ஆம் வருடச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை. பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். வங்கியே எச்சரித்திருக்கிறது. பழைய நோட்டு கிடைத்தால் லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள்.

முக்கியமாக, அது யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு வையுங்கள். என் ஆல்பத்தில் உள்ள பல நோட்டுகளுக்கு விலை தெரியும். யாருடையது என்று தெரியாது. உங்கள் வீட்டு நோட்டுக்காவது அது தெரியட்டும்.